தறி நின்றால் விழிக்கும் பிள்ளை

"…நீ இந்தப் புள்ளய மட்டும் பெத்தியா சுமதி, இல்ல தறியையும் சேத்து பெத்தியா?"

என் நாத்தனாரான அண்ணி பேச்சுக்கு நடுவில் இப்படிக் கேட்டபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. ரசத்தின் வாசனை கூடத்தை விட்டு இன்னும் போகவில்லை. தறி ஓடவில்லை. தூளிக்குள் உட்கார்ந்திருந்த என் மகள் யாழினி இரண்டு காலையும் வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, தொண்டை கம்மிப் போகும் அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். வயது இரண்டரை. வார்த்தை எல்லாம் தெளிவாக வந்துவிட்டது. அதனால் அந்தக் கத்தலை வெறும் அழுகை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. "அப்பா தறி போடு, அப்பா தறி போடு" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஆணை போய்க்கொண்டிருந்தது.

நான் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதம் தாண்டிய வயிறு. பாதம் வீங்கி, கொலுசைக் கழற்றி வைத்து நாளாகியிருந்தது. வயிற்றுக்குள் இருந்தது உதைத்தது. வெளியே இருந்தது கத்தியது. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் குமார் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கும் இந்தக் கூத்துக்கும் சம்பந்தமில்லை, அக்காவும் பெண்டாட்டியும் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற நிம்மதி. அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவரே அவர்தான்.

கயிறு கட்டிய கதை

நடக்கத் தொடங்கிய யாழினி தறிக்குழியில் விழாமல் இருக்க நாங்கள் பலகைக் கதவு போட்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். தூளி விஷயம் அதற்கும் முந்தியது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது.

எங்கள் ஆரணியில் பட்டுத் தறி உள்ள வீடுகளில் கூடம் என்பது முக்கால்வாசி தறிக்குத்தான். மீதி இடத்தில்தான் மனிதர்கள். எங்கள் வீட்டில் தூளி கட்ட ஒரே ஒரு விட்டம்தான் வாகாக இருந்தது. அது தறிக்கு மேலே, ஒரு முழம் தள்ளி. அங்கேயே கட்டினோம். நான் சமையல்கட்டில் இருந்தால் பிள்ளை அழும். அவர் நெசவை நிறுத்திவிட்டு எழுந்து வந்து ஆட்ட வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறைதான் குழியிலிருந்து ஏறி இறங்குவார்.

தறி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குறுக்கே ஓடும் ஊடை இழையை நெருக்கித் தட்டுகிற பலகை ஒன்று தறியின் மேலிருந்து தொங்கும். நெய்கிறவர் ஒவ்வொரு இழைக்கும் அதைத் தன் பக்கம் இழுத்து அடிப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது போய்ப் போய் வரும். இவர் ஒரு நாள் அந்தப் பலகையிலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை எடுத்துத் தூளியில் கட்டிவிட்டார். பலகை வந்தால் தூளி வரும், பலகை போனால் தூளி போகும்.

"பொடவையும் ஆச்சு, புள்ளயும் ஆச்சு" என்றார் என்னைப் பார்த்து. ஏதோ ஆகாய விமானம் கண்டுபிடித்த பெருமை.

நானும் கை தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை மணிக்கணக்காகத் தூங்கினாள். தெருப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா சொன்னதை இன்றைக்கும் நான் முடிந்து வைத்திருக்கிறேன்: "ஒம் பொண்ணு ஒரு தூக்கம் தூங்கினா ஒரு மொழம் பொடவ வந்துடுதுடி. நம்ம வூட்ல தூங்குதுங்களே, இன்னா பிரயோஜனம்."

மாதங்கள் போகப் போகத்தான் புரிந்தது. தூளி ஆட்டம் மட்டுமில்லை, அந்த 'டக்'கென்ற சத்தம், கால்மிதி இறங்கும்போது மரம் முனகுவது, விட்டத்தின் மெல்லிய அதிர்வு எல்லாம் சேர்ந்ததுதான் அவளுக்குத் தூக்கம். தறி நின்றால் கண் திறந்துவிடும். இழை அறுந்து அவர் முடிச்சுப் போட நிறுத்தினால், திறந்துவிடும். டீ வந்து நிறுத்தினால், திறந்துவிடும். கடைசியில் என் வீட்டுக்காரர் இடக் கையில் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு, வலக் கையால் வெறும் பலகையை ஆட்டிக்கொண்டிருப்பார். நெய்யவும் மாட்டார், நிறுத்தவும் மாட்டார். பார்க்கிறவர்களுக்கு இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று தோன்றும்.

தேவிகாபுரத்தில் என் அம்மா வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போனோம். தூளி கட்டினார்கள். என் தம்பி ஆட்டினான், சித்தப்பா ஆட்டினார், விருந்துக்கு வந்தவர்கள்கூட மரியாதைக்கு ஆளுக்கொரு கை ஆட்டினார்கள். இவள் உள்ளே மல்லாந்து படுத்து, விட்டத்தைப் பார்த்து, 'சரி, தறி எங்கே' என்பது போல் கிடந்தாள். "பஸ்ல தறியையும் ஏத்திகினு வந்திருக்கலாமில்ல" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தோம். அடுத்த நாளும் தூங்காமல், கண்ணெல்லாம் சிவந்து, தின்றதை எல்லாம் வாந்தியெடுத்து, உடம்பு கொதிக்க ஆரம்பித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவசரமாக ஆரணிக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் அவர் குழியில் இறங்கினார்.

தம்பியா, தங்கச்சியா

இந்த நிலைமையில்தான் எனக்கு இரண்டாவது நின்றது.

நின்றது தெரிந்த நாளிலிருந்து யாழினிக்கு ஊரில் ஜோசியர் உத்தியோகம். முதல் பிள்ளை வாயால் என்ன சொல்கிறதோ அதுதான் அடுத்துப் பிறக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. காய் வாங்கப் போனால் காய்க்காரம்மா, கோயிலுக்குப் போனால் பூக்காரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நிற்கிற முன்பின் தெரியாத பெண், எல்லாரும் குனிந்து கேட்பார்கள். "அம்மா வயித்துல இன்னாடா தங்கம், தம்பியா, தங்கச்சியா?"

இவள் முதலில் தம்பி என்றாள். பிறகு தங்கச்சி என்றாள். கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், ஒரு நாள் மல்லிகாவிடம் "பல்லி" என்றாள்.

மல்லிகா விடவில்லை. "பல்லியா. பரவால்லடி சுமதி, செவுத்துல ஒட்டிகினு சத்தம் போடாம கெடக்கும். நீ அதையே பெத்துக்கோ."

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. நிற்க முடியாத இடுப்பு வலியில், கேள்வி கேட்பதற்காக ஒவ்வொருத்தரும் என்னை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். புத்தி சொல்வதற்கும் ஒரு கூட்டம் இருந்தது. பெரியவளைத் தூக்காதே. தூக்காமல் விட்டால் ஏங்கிப் போவாள், தூக்கு. குங்குமப்பூ குடி. குங்குமப்பூ சூடு, தொடாதே. தறிப்பக்கம் போகாதே. சும்மா உட்காராதே. இவ்வளவு சொன்னவர்களில் ஒருத்தர்கூட, இந்தப் பிள்ளையை மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்க வைத்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை.

பொய்த் தறி

முதல் பிரசவம் ஆபரேஷன். இரண்டாவதும் அதுதான் என்று டாக்டரம்மா முன்கூட்டியே நாள் குறித்துவிட்டார். வீட்டுக்காரர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். கையெழுத்துக்கு அவர், ரத்தம் தேவைப்பட்டால் அவர். நான் ஆஸ்பத்திரியில், அவர் ஆஸ்பத்திரியில். அப்படியானால் தறி நிற்கும். தறி நின்றால் யாழினி என்ன ஆவாள்?

எனக்கு ஆபரேஷன் பயம் இல்லை. கத்தியெல்லாம் ஒரு முறை பார்த்தாகிவிட்டது. கண்ணை மூடினால் தேவிகாபுரத்தில் கொதித்த அந்த நெற்றிதான் கைக்குத் தட்டுப்பட்டது. நான் தையலோடு எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போது இவள் இங்கே தூங்காமல் காய்ச்சலில் விழுந்தால், யாரிடம் போய் என்ன சொல்வது.

வீட்டுக்காரர் மறுபடியும் ஒரு கண்டுபிடிப்பு செய்தார். தறி ஓடுகிற சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து, தூளிக்குள் வைத்துவிட்டு, கையால் ஆட்டினார். கொஞ்ச நேரம் யாழினி ஏமாந்தது நிஜம். இமை இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ போன் செய்தார்கள். தறிச் சத்தம் நின்று, சினிமாப் பாட்டு அலறியது. எழுந்து உட்கார்ந்தாள். போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பொய்த் தறி" என்று சொல்லித் தூளிக்கு வெளியே போட்டாள். போன் கண்ணாடி விரிசலுக்காக எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சு நடந்தது.

அடுத்த தெருவில் ஒருவர் வீட்டில் விசைத்தறி. அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். அந்த வேகத்துக்கு இவள் கையைத் தட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள்.

அண்ணியின் வைத்தியம்

என் அம்மாவுக்குக் கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த நேரம் அது. மாமியார் இல்லை. ஆகவே வீட்டுக்காரரின் அக்கா, பரிமளா அண்ணி, களம்பூரிலிருந்து வந்து இறங்கினார். இரண்டு வயர் கூடை, ஒரு மூட்டை அரிசி. "ஆரணியில அரிசி கெடைக்காதாக்கா?" என்று கேட்ட தம்பியைப் பார்த்து, "கெடைக்கும். தின்ன முடியாது" என்றார். அவர் வீட்டுக்காரர் அங்கே அரிசி மில்லில் மேஸ்திரி. மில்லை ஒட்டியே வீடு. களம்பூர் அரிசியைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குக் கல்.

அண்ணிக்கு எதிலும் குழப்பம் கிடையாது. வந்து, தூளியைப் பார்த்து, கயிற்றைப் பார்த்து, தம்பியைப் பார்த்தார்.

"இன்னாடா இது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. அவுருடா மொதல்ல. நம்மளல்லாம் நம்ம அம்மா தறி மேல கட்டியா தூங்க வச்சாங்க? தறிய நிறுத்து. ரெண்டு நாள் அழுவா, அப்புறம் மறந்துடுவா. நான் பாத்துக்கறேன்."

தறி நின்றது. வீட்டுக்காரர் இன்னமும் ஒரு கல்யாணப் புடவையின் பாதியில்தான் இருந்தார். இருந்தும் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அழுகை ஆரம்பித்தது. அண்ணி தாலாட்டினார். அண்ணியின் குரல் மில் சங்கு போன்றது. தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுந்துகொண்டது. முதுகைத் தட்டினார். கதை சொன்னார். மிரட்டினார். கடைசியில் கெஞ்சினார். யாழினி இரவில் களைத்து விழுவாள். கொஞ்ச நேரத்தில் அலறி எழுவாள். காலையில் நாங்கள் எல்லாரும் துவைத்துப் போட்ட துணி மாதிரி இருப்போம்.

இதில் ஒன்றை நான் கவனித்தேன். அண்ணியின் கண்ணும் பிள்ளையின் கண் போலவே சிவந்திருந்தது. பிள்ளை எழுப்பியதால் மட்டும் இல்லை. பிள்ளை அசந்து தூங்குகிற சிறு நேரத்திலும் அவர் புரண்டுகொண்டுதான் இருந்தார்.

"தூங்கலையா அண்ணி?"

"இன்னா ஊரும்மா இது. கொசு புடுங்குது."

அடுத்த நாள் கொசுவத்தி கொளுத்தினோம். தலையணை மேடாக இருக்கிறது என்றார். தலையணையை மாற்றினோம். நாய் குரைக்கிறது என்றார். நாய் என் காதில் விழவில்லை. விழுந்ததெல்லாம் ஒரே ஒரு மின்விசிறியின் சத்தம்தான்.

அன்றைக்கு முற்பகலில் மிளகாய்த்தூள் அரைக்கப் போக வேண்டியிருந்தது. பிரசவத்துக்கு முன்னால் சாமான்களைத் தயார் செய்து வைக்க வேண்டும் என்று அண்ணிதான் கிளப்பினார். தெருமுக்கில் உள்ள மாவு மில்லுக்கு நான், அண்ணி, யாழினி. நெடி தாங்காமல் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே எல்லாரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். பெல்ட்டு ஓடுகிற சத்தத்தில் மில்காரர் கத்தினால்தான் கேட்கும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, மெஷினை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில், அண்ணி தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கில் மிளகாய்த்தூள் படிந்திருந்தது. மில்காரர் மெஷினை நிறுத்தியதும் விழித்து, "ஆச்சா?" என்றார்.

தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு பதில்

அந்த மத்தியானத்தில்தான் இந்த அத்தியாயம் தொடங்கிய கேள்வியை அண்ணி கேட்டார். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டே நாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சுட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும்.

"அண்ணி, எங்க புள்ளைய தறியோட பெத்தேன்னே வச்சிக்குங்க. உங்கள இன்னா, அரிசி மில்லோட சேத்து பெத்தாங்களா?"

குழிக்குள் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு குழிக்குள்ளேயே எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார். யாழினிகூட ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

எங்கள் வீடுகளில் நாத்தனாரிடம் இப்படிப் பேசுகிற வழக்கம் கிடையாது. அதுவும் தன் வீட்டைப் போட்டுவிட்டு எனக்குச் செய்ய வந்த மனுஷியிடம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். "மாவு மில்லுல தூங்கினீங்களே, அத வச்சி சொன்னேன்" என்று மெல்ல இழுத்தேன்.

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாலம் ஆன புதுசுல அந்த மில்லு சத்தத்துல தூக்கம் வராம அழுதுகினு கெடந்தேன்" என்றார். "இப்ப பாரு, அந்த எழவு இல்லாம கண்ண மூட முடியல. நானும் கொசு, நாயின்னு சொல்லி பாத்துட்டேன்."

"அப்ப என் புள்ளைய மட்டும்…" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ சும்மா இர்றா. எல்லா பேஜாரும் ஒன்னாலதான்." எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "சுமதி, பொடவய மாத்து. ஆட்டோ சொல்றேன். ஜல்தி."

"எங்க அண்ணி, இந்த வயித்தோட?"

"தோ இருக்குது களம்பூரு. மெதுவா போவச் சொல்றேன். நீயும் வந்து ஒன் கண்ணால பாரு. அப்புறம் எனக்கு பதில் சொல்லு."

ஆட்டோ தெரு முனை திரும்புவதற்குள் பின்னால் எங்கள் தறி ஓடத் தொடங்கிவிட்டது. நாள் கணக்காகக் கட்டிப் போட்டிருந்த கை அவருடையது. யாழினி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அண்ணி நெல் லாரிகளைக் காட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரருக்கு ஒரு திட்டு விழுந்தது.

களம்பூரில் இறங்கியதும் எனக்கு முதலில் தெரிந்தது சத்தம் இல்லை, தரை. செருப்பைக் கழற்றியதும் பாதத்தின் அடியில் ஒரு அதிர்வு. மில்லுக்கும் அண்ணி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிணுகிணுத்தன. வீடெங்கும் வேகவைத்த நெல்லின் வாசனை. அண்ணி அந்தச் சுவரை ஒட்டிப் பாயைப் போட்டு யாழினியைப் படுக்க வைத்தார். பக்கத்தில் தானும் படுத்து வயிற்றில் தட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்.

யாழினி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"அத்த, பெரிய தறி."

"ஆமாண்டி. அரிசி நெய்யிற தறி."

"யாரு நெய்யிறா?"

"மாமா நெய்யிறாரு. கண்ண மூடு."

நான் கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலும் நடுங்கியது. வயிற்றுக்குள் இருந்ததுகூட உதைப்பதை நிறுத்தியிருந்தது. யாழினியின் கை சுவரிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. பல நாளாகப் பார்க்காத, நெற்றிச் சுருக்கம் இல்லாத முகம். எட்டி நெற்றியைத் தொட்டேன். சூடு தணிந்துகொண்டிருந்தது.

நானும் அவளும் ஒரு நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்ற வரைக்கும் இவ இங்கயே இருக்கட்டுமா அண்ணி?"

பதில் இல்லை. கோபம் இன்னும் போகவில்லையோ என்று குனிந்து முகத்தைப் பார்த்தேன்.

அண்ணி தூங்கிவிட்டிருந்தார். கை மட்டும் மில்லின் ஓட்டத்துக்கு ஏற்ப என் பிள்ளையின் வயிற்றில் தட்டிக்கொண்டே இருந்தது.